லோட் பேலன்சரில் இணையக் கோரிக்கைகளை ஏற்பது எப்படி? திருநெல்வேலிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை, டவுன், வண்ணார்பேட்டைப் பகுதிகளில் கல்லூரிகளுக்கும் விடுதிகளுக்கும் கடைகளுக்கும் சர்வர் பார்த்துக் கொடுப்பது என் தொழில். குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் விடுதிக்காரர்கள் வருவார்கள். தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் கல்லூரிக் கணினி ஆய்வகத்து ஆட்கள் வருவார்கள். தீபாவளி நெருங்கும்போது அல்வாவும் பலகாரமும் ஆன்லைனில் விற்பவர்கள் வருவார்கள். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றை, கேட்டவர்கள் கேட்டபடியே, எளியதிலிருந்து சிக்கலானதை நோக்கி இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணங்களுக்கு எச்ஏபிராக்ஸி என்ற மென்பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வேறு மென்பொருளிலும் இதே சங்கதிகள் வேறு பெயரில் இருக்கும்.

அண்ணாச்சி, இந்த லோட் பேலன்சர் என்னதான் செய்கிறது?

ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் வெளிநோயாளி சீட்டு கொடுக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர் எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதைச் சீட்டு கொடுப்பவர் சொல்கிறார். எந்த மருத்துவர் இன்று வந்திருக்கிறார், எந்த அறையில் கூட்டம் குறைவு என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். லோட் பேலன்சரின் வேலையும் இதுதான். உலகத்துக்குத் தெரியும் ஒரே முகவரியில் நின்றுகொண்டு, வரும் கோரிக்கைகளைப் பின்னால் இருக்கும் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புகிறது.

ஆகவே அமைப்பிலும் இரண்டு பகுதிகள் உண்டு. வெளியிலிருந்து வருவதை ஏற்கும் பகுதி ஃபிரன்ட்எண்ட். வேலை செய்யும் சர்வர்களின் பட்டியல் பேக்எண்ட். ஏதாவது கெட்டுப்போனால், கோளாறு முன்பக்கமா பின்பக்கமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே விடை கிடைத்துவிடும்.

எங்களிடம் இருப்பதே ஒரு சர்வர். எங்களுக்கும் இது வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். நாளொன்றுக்கு நூறு பேர் பார்க்கும் தளத்துக்கு லோட் பேலன்சர் வைப்பது, கவனிக்க வேண்டிய இன்னொரு இயந்திரத்தைச் சேர்ப்பதுதான். ஆனால் சர்வரைப் புதுப்பிக்கும்போது தளம் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது என்றாலோ, அடுத்த சீசனுக்குள் இரண்டாவது சர்வர் வரும் என்று உறுதியாகத் தெரிந்தாலோ, இப்போதே முன்னால் ஒன்றை நிறுத்திவிடுவது நல்லது. பிறகு டொமைன் முகவரியைத் தொடாமலே பின்னால் எதையும் மாற்றிக்கொள்ளலாம்.

காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

தேவையில்லை. வில்லி டாரோ எழுதி 2001-இல் வெளியிட்ட எச்ஏபிராக்ஸியும், இகோர் சிசோயெவ் 2004-இல் பொதுவெளிக்குக் கொண்டுவந்த என்ஜின்எக்ஸும் இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருள்கள். உலகின் மிகப் பெரிய தளங்கள் பலவற்றின் முன்னாலும் இவைதான் நிற்கின்றன. நம் ஊர்க் கல்லூரிக்கு இவை தாராளம்.

மேகக் கணினி நிறுவனங்கள் தரும் லோட் பேலன்சரை வாடகைக்கு எடுப்பது இன்னொரு வழி. அமேசானின் மும்பை மையம் 2016-லும் ஐதராபாத் மையம் 2022-லும் திறந்தன. சர்வர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தால் லோட் பேலன்சரையும் அங்கேயே வாங்குங்கள். சர்வர்கள் இங்கே உங்கள் அறையில் இருந்தால் அதற்காக அங்கே ஓடாதீர்கள்.

குறைந்தது எத்தனை வரி எழுதினால் இது ஓடும்?

பத்துப் பன்னிரண்டு வரிகள் போதும். ஃபிரன்ட்எண்டுக்கு ஒரு பெயர், அதன் கீழ் எந்த முகவரியில் எந்தப் போர்ட்டில் (இயந்திரத்தின் எண்ணிட்ட வாசலில்) காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் பைண்ட் வரி, வந்ததை எந்த பேக்எண்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி. பேக்எண்டில், எந்த முறையில் பிரிப்பது என்று ஒரு வரி, பிறகு சர்வர் ஒவ்வொன்றுக்கும் பெயர், உள் முகவரி, போர்ட் சேர்த்து ஒரு வரி. சாதாரண இணையத்துக்கு 80-ஆம் போர்ட், பாதுகாப்பான இணைப்புக்கு 443.

பலரும் விட்டுவிடுவது மூன்று காலக்கெடு வரிகளை: சர்வருடன் இணைய எவ்வளவு நேரம் காத்திருப்பது, பயனரிடமிருந்து தரவு வர எவ்வளவு நேரம், சர்வர் பதில் தர எவ்வளவு நேரம். டெபியன் லினக்ஸின் தொகுப்புடன் வரும் மாதிரிக் கோப்பில் இவை 5, 50, 50 விநாடிகள். தொடக்கத்துக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். இவற்றை எழுதாமல் விட்டால், அறுந்துபோன இணைப்புகள் விடுவிக்கப்படாமல் தேங்கி, ஒருநாள் புதியவர்களுக்கு இடமில்லாமல் போகும்.

கோப்பை மாற்றியதும் உடனே மறுதொடக்கம் செய்யாதீர்கள். கோப்பை மட்டும் சரிபார்க்கும் வசதி எச்ஏபிராக்ஸியிலும் என்ஜின்எக்ஸிலும் இருக்கிறது. பிழை இருந்தால் எந்த வரியில் என்று அது சொல்லிவிடும்.

எல்லாம் போட்டுவிட்டேன். இயந்திரத்துக்குள்ளிருந்து திறக்கிறது, வெளியிலிருந்து திறக்கவில்லை. ஏன்?

என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இது. கோரிக்கை ஒன்று பயனரின் கைபேசியிலிருந்து கிளம்பி டொமைன், பொது முகவரி, ரவுட்டர் அல்லது மேகக் கணினியின் பாதுகாப்பு விதி, இயந்திரத்தின் ஃபயர்வால் (வருவதை வடிகட்டும் காவல்), கடைசியாக எச்ஏபிராக்ஸி என்று வரிசையாகக் கடந்து வருகிறது. நீங்கள் உள்ளிருந்து வெளியே போகும் திசையில் ஒவ்வொரு கட்டமாகச் சோதியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்த்தால் எது சரிசெய்தது என்றும் தெரியாது, எது திறந்து கிடக்கிறது என்றும் தெரியாது.

முதலில் லோட் பேலன்சர் இயந்திரத்திலேயே எஸ்எஸ் கட்டளையைக் கொடுத்து, காத்திருக்கும் போர்ட்டுகளின் பட்டியலைப் பாருங்கள். 80-க்கு முன்னால் 127.0.0.1 என்று இருந்தால் அது தன் இயந்திரத்துக்கு மட்டுமே பதில் சொல்லும். 0.0.0.0 என்றோ நட்சத்திரக் குறி என்றோ இருக்க வேண்டும். பட்டியலில் எச்ஏபிராக்ஸிக்குப் பதில் அப்பாச்சி என்ற இணையச் சர்வர் மென்பொருள் உட்கார்ந்திருந்தால், இயக்க முறைமையுடன் தானாக வந்த அப்பாச்சி போர்ட்டைப் பிடித்துக்கொண்டது என்று பொருள். இரண்டாவதாக, அதே நெட்வொர்க்கில் உள்ள வேறொரு கணினியிலிருந்து உள் முகவரியைத் திறந்து பாருங்கள். இங்கே தடைபட்டால் இயந்திரத்தின் ஃபயர்வாலில் 80-உம் 443-உம் திறக்கப்படவில்லை. மூன்றாவதாக, கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பொது முகவரியைத் திறந்து பாருங்கள். வைஃபையை அணைப்பது முக்கியம். அலுவலகத்துக்குள் இருந்துகொண்டே அலுவலகத்தின் பொது முகவரிக்குப் போக முயன்றால் பல ரவுட்டர்கள் அதைத் திருப்பி அனுப்பாது. வெளியே எல்லோருக்கும் திறக்கும் தளம் உங்களுக்கு மட்டும் திறக்காது.

தோல்வியின் விதத்தையும் கவனியுங்கள். ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று சட்டென்று பதில் வந்தால், கோரிக்கை பெரும்பாலும் இயந்திரம் வரை வந்துவிட்டது, அந்தப் போர்ட்டில் யாரும் இல்லை. நெடுநேரம் சுற்றிவிட்டு நேரம் முடிந்தது என்று வந்தால், வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

வீட்டு ஃபைபர் இணைப்பில் வைத்திருக்கிறேன். ரவுட்டரில் போர்ட்டையும் திறந்துவிட்டேன். அப்படியும் வரவில்லையே?

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிமுகவரி என்ன என்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் அது உங்களுக்கே உரிய பொது முகவரி இல்லை. ஐபிவி4 என்ற பழைய முறை முகவரிகளின் பற்றாக்குறையால், இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அதற்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்ட எண்வரிசை அது. உங்கள் ரவுட்டரில் என்ன திறந்தாலும், அதற்கு மேலே நிறுவனத்தின் கருவியில் திறக்க உங்களால் முடியாது.

நிலையான பொது முகவரியைக் கட்டணம் கட்டி வாங்குங்கள், அல்லது வெளியே ஒரு சிறிய வாடகைச் சர்வரை எடுத்து லோட் பேலன்சரை அங்கே வையுங்கள். பயிற்சிக்காகக் கேட்கும் மாணவத் தம்பிகளுக்கு ஒன்று: ஒரே மடிக்கணினியில் மூன்று மெய்நிகர் இயந்திரங்கள் வைத்தே இவை அனைத்தையும் கற்றுக்கொள்ளலாம். பொது முகவரி தேவையில்லை.

டொமைனைப் புது முகவரிக்கு மாற்றிவிட்டேன். சிலருக்குப் புதுத் தளம், சிலருக்குப் பழைய தளம் வருகிறது. எப்போது சரியாகும்?

டொமைன் பதிவில் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கும். பதிலை எத்தனை விநாடி நினைவில் வைத்திருக்கலாம் என்று அது சொல்கிறது. 86400 என்று இருந்தால் ஒரு நாள் முழுக்கப் பழைய முகவரி நினைவில் இருக்கலாம். மாற்றுவதற்கு முந்தைய நாளே அதை 300-க்குக் குறைத்துவிட்டு, மறுநாள் முகவரியை மாற்றுங்கள். மாற்றிய பிறகும் பழைய சர்வரை இரண்டொரு நாள் ஓடவிடுங்கள்.

சிலருக்கு மட்டும் நிரந்தரமாகத் திறக்கவில்லை என்றால் ஐபிவி6 என்ற புதிய முறை முகவரிக்கான பதிவைப் பாருங்கள். நம் நாட்டில் மொபைல் இணைப்புகள் பெரும்பாலும் ஐபிவி6-ஐயே முதலில் நாடுகின்றன. டொமைனில் ஐபிவி6 முகவரி பழையதாகவே இருந்தாலோ, பைண்ட் வரி ஐபிவி4-இல் மட்டும் காத்திருந்தாலோ, கைபேசிக்காரர்களுக்குத் தளம் தாமதமாகத் திறக்கும் அல்லது திறக்கவே திறக்காது. இரண்டையும் சேர்த்தே அமையுங்கள், இல்லையென்றால் அந்தப் பதிவை நீக்கிவிடுங்கள்.

பாதுகாப்புச் சான்றிதழை லோட் பேலன்சரில் வைப்பதா, ஒவ்வொரு சர்வரிலும் வைப்பதா?

உள் நெட்வொர்க் உங்கள் கையில் இருந்தால் லோட் பேலன்சரில் வையுங்கள். புதுப்பிக்க ஒரே இடம், பாதையைப் பார்த்துப் பிரித்தனுப்பவும் வசதி. எச்ஏபிராக்ஸிக்குச் சான்றிதழ், இடைநிலைச் சான்றிதழ், தனிச்சாவி மூன்றையும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து ஒட்டிக் கொடுப்பது வழக்கம். இடைநிலைச் சான்றிதழை விட்டுவிட்டால் உங்கள் கணினியின் பிரவுசரில் சரியாகத் தெரியும், சில கைபேசிகளில் எச்சரிக்கை வரும். இதைக் கைபேசியின் கோளாறு என்று நினைத்து அலைகிறவர்கள் அதிகம்.

லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ் பொதுவாக 90 நாள் செல்லும். புதுப்பிக்கும் நேரத்தில் அவர்கள் உங்கள் தளத்தில் ஒரு குறிப்பிட்ட பாதையில் ஒரு கோப்பைத் தேடுவார்கள், அதுவும் 80-ஆம் போர்ட் வழியாக. ‘எல்லாம் 443 ஆகிவிட்டதே’ என்று 80-ஐ மூடினால் புதுப்பித்தல் நின்றுவிடும். இரண்டு சர்வர்கள் இருக்கும்போது இன்னொரு சிக்கல்: கோப்பு முதல் சர்வரில் இருக்கும், கோரிக்கை இரண்டாவதற்குப் போகும். அந்தப் பாதைக்கு வரும் கோரிக்கைகளை மட்டும் எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்பும் விதியை ஃபிரன்ட்எண்டில் எழுதிவிட்டால் தீர்ந்தது.

சான்றிதழ் போட்டதும் ‘அளவுக்கு மீறித் திருப்பிவிடப்படுகிறது’ என்று பிரவுசர் சொல்கிறது. என்ன ஆயிற்று?

பயனர் 443-இல் பாதுகாப்பாக வருகிறார். லோட் பேலன்சர் அதைப் பிரித்து, உள்ளே சாதாரண எச்டிடிபி-யாக (குறியாக்கம் இல்லாமல்) அனுப்புகிறது. சர்வரில் ஓடும் உங்கள் செயலி அதைப் பார்த்து, ‘பாதுகாப்பில்லாமல் வந்திருக்கிறார்’ என்று எண்ணி எச்டிடிபிஎஸ்-க்குத் திருப்பி அனுப்புகிறது. அவர் மறுபடி வருகிறார், மறுபடி திருப்பப்படுகிறார்.

பயனர் எச்டிடிபிஎஸ்-இல்தான் வந்தார் என்று சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ என்ற தலைப்பு வரியை (கோரிக்கையோடு போகும் குறிப்பை) லோட் பேலன்சர் சேர்த்தனுப்ப வேண்டும். அதை நம்பும்படி செயலியிலும் அமைக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்துவிட்டுச் சரியாகவில்லை என்பவர்கள்தான் அதிகம். திருப்பிவிடும் வேலையை லோட் பேலன்சரிடமே ஒப்படைத்துவிட்டுச் செயலியில் அணைத்துவிடுவது இன்னும் நல்லது.

சர்வர் லாகில் (வந்த கோரிக்கைகளைப் பதியும் கோப்பில்) எல்லோரும் ஒரே முகவரியிலிருந்து வருவதாக இருக்கிறது. உண்மையான முகவரி எங்கே போயிற்று?

சர்வரோடு பேசுவது இப்போது லோட் பேலன்சர்தான், அதனால் அதன் முகவரிதான் தெரியும். உண்மையான முகவரியை எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்ற தலைப்பு வரியில் அனுப்பச் சொல்லுங்கள், சர்வர் லாகிலும் அதையே பதியச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல், தவறான கடவுச்சொல் போடுகிறவரைத் தடுக்கும் மென்பொருளைச் சர்வரில் ஓடவிட்டால், ஒருவர் செய்த வேலைக்கு அது லோட் பேலன்சரையே தடுத்துவிடும். தளம் மொத்தமும் நின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தலைப்பு வரியை யார் வேண்டுமானாலும் போலியாக எழுதி அனுப்ப முடியும். வெளியிலிருந்து வந்ததை அழித்துவிட்டு நம்முடையதை எழுதும்படி லோட் பேலன்சரில் அமையுங்கள். லோட் பேலன்சரின் முகவரியிலிருந்து வந்தால் மட்டும் நம்பும்படி சர்வரில் அமையுங்கள். உள்ளடக்கத்தைப் பிரித்துப் பார்க்காமல் டிசிபி (வெறும் இணைப்பு) அளவிலேயே கடத்துவதாக இருந்தால் தலைப்பு வரி சேர்க்க வழியில்லை. அதற்கு, இணைப்பின் தொடக்கத்திலேயே உண்மையான முகவரியைச் சொல்லிவிடும் பிராக்ஸி புரோட்டோகால் இருக்கிறது. அதை இரு பக்கமும் ஒன்றாக இயக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இயக்கினால் எந்த இணைப்பும் வேலை செய்யாது.

ஒரு சர்வரை அணைத்துப் பார்த்தேன். பாதிப் பேருக்குப் பிழை வருகிறது. இதற்காகவா இவ்வளவு பாடு?

உங்கள் சர்வர் வரிகளின் கடைசியைப் பாருங்கள். ‘செக்’ என்ற ஒரே ஒரு சொல் அங்கே இருக்க வேண்டும். அது இல்லையென்றால் எச்ஏபிராக்ஸி அந்தச் சர்வரைச் சோதிக்காது. எப்போதும் உயிரோடு இருப்பதாகவே எண்ணி அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் சொல் வந்ததும், வேறு எதுவும் சொல்லாவிட்டால் இரண்டு விநாடிக்கு ஒருமுறை சோதிக்கும். தொடர்ந்து மூன்று முறை தவறினால் பட்டியலிலிருந்து விலக்கும், இரண்டு முறை தேறினால் சேர்த்துக்கொள்ளும். ஆக, ஆறு விநாடியளவில் கண்டுபிடித்துவிடும். என்ஜின்எக்ஸின் இலவசப் பதிப்பு இப்படித் தானாகப் போய்ச் சோதிக்காது. உண்மையான பயனரின் கோரிக்கை தோற்ற பிறகுதான் விலக்கி வைக்கும்.

வெறும் செக் என்பது போர்ட் திறக்கிறதா என்று மட்டும் பார்க்கும். செயலி செத்துப்போய் அதற்கு முன்னால் இருக்கும் அப்பாச்சி மட்டும் உயிரோடு இருந்தால் அதற்குத் தெரியாது. ஆகவே செயலியிலேயே நலம் சொல்லும் ஒரு பக்கத்தை எழுதி, அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தில் எதைச் சேர்ப்பது என்பதில் கவனம் வேண்டும். தரவுத்தளம் இரண்டு சர்வருக்கும் பொதுவானது என்றால் அதை அங்கே சோதிக்காதீர்கள். அது ஒரு நொடி தடுமாறினாலும் இரண்டு சர்வர்களும் ஒரே நேரத்தில் விலக்கப்பட்டு, தரவுத்தளம் தேவைப்படாத பக்கங்களும் சேர்ந்து நின்றுபோகும். அந்தச் சர்வருக்கு மட்டுமே உரியது எது என்று பார்த்து அதைச் சோதியுங்கள்.

சர்வர்கள் நன்றாக ஓடுகின்றன. லோட் பேலன்சர் மட்டும் எல்லாம் செத்துவிட்டது என்கிறது. ஏன் இந்தப் பிடிவாதம்?

சோதனைக் கோரிக்கை பிரவுசரின் கோரிக்கை மாதிரி இருக்காது. எச்ஏபிராக்ஸியில் எச்டிடிபி சோதனையை இயக்கிவிட்டு வேறு எதுவும் சொல்லாவிட்டால், அது ‘ஆப்ஷன்ஸ்’ என்ற முறையில், எச்டிடிபி 1.0-இல், டொமைன் பெயர் இல்லாமல் கேட்கும். டொமைன் பெயர் இல்லாத கோரிக்கையை ஜாங்கோ போன்ற இணையச் செயலிக் கட்டமைப்புகள் 400 (தவறான கோரிக்கை) என்று தள்ளிவிடும். ‘கெட்’ முறையில், டொமைன் பெயரோடு, நலப் பக்கத்தைக் கேட்கும்படி எழுதுங்கள். எச்ஏபிராக்ஸி 200 வரிசையையும் (சரி) 300 வரிசையையும் (திருப்பிவிடல்) நலம் என்றே எடுத்துக்கொள்ளும். மேகக் கணினி லோட் பேலன்சர்களில் 200 மட்டுமே நலம் என்பது இயல்பான அமைப்பாக இருக்கக்கூடும். அங்கே ஒரு திருப்பிவிடல் வந்தாலே சர்வர் செத்ததாகக் கணக்கு.

அதுவும் சரியாக இருந்தால், லோட் பேலன்சர் இயந்திரத்திலிருந்தே கர்ல் கட்டளையால் சர்வரைத் திறந்து பாருங்கள். சர்வரின் ஃபயர்வால் தடுக்கலாம். ரெட் ஹேட் வழிவந்த லினக்ஸ் என்றால் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு தடுக்கலாம். கர்ல் திறக்கிறது, எச்ஏபிராக்ஸி மட்டும் திறக்கவில்லை என்றால் எஸ்இலினக்ஸைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதை மொத்தமாக அணைக்கச் சொல்லும் அறிவுரையை ஏற்காதீர்கள். எச்ஏபிராக்ஸி வெளி இணைப்பு கொள்ளலாம் என்று அனுமதிக்கும் தனி விசை ஒன்று அதில் இருக்கிறது.

502, 503, 504 என்ற பிழை எண்கள் மாறி மாறி வருகின்றன. எது யாருடைய தவறு?

எச்ஏபிராக்ஸியில் 503 என்றால் அனுப்புவதற்குச் சர்வரே கிடைக்கவில்லை, அல்லது இணைய முடியவில்லை. 502 என்றால் சர்வர் பேசத் தொடங்கி, முழுப் பதில் தலைப்பைத் தருவதற்குள் அறுத்துக்கொண்டது அல்லது உளறியது. 504 என்றால் காலக்கெடுவுக்குள் பதில் தரவில்லை. என்ஜின்எக்ஸில் சர்வர்கள் எல்லாம் விழுந்திருந்தாலும் 502 என்றே வரும். எனவே எந்த மென்பொருள் என்று தெரியாமல் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

லாகில் எண்ணைவிட அதிகம் சொல்வது நான்கு எழுத்துகள். ஐந்தருவிப் பக்கத்து விடுதி ஒன்றின் முன்பதிவுத் தளம் மாலை நேரங்களில் மட்டும் தடுமாறியது. லாகில் 504-ஐ அடுத்து வந்த முதல் இரண்டு எழுத்துகள் சிறிய எஸ், பெரிய எச். சிறிய எஸ் என்றால் சர்வருக்காகக் காத்திருந்து காலக்கெடு முடிந்தது. பெரிய எச் என்றால் பதிலின் தலைப்பை எதிர்பார்த்திருந்த கட்டத்தில் அது நடந்தது. அதாவது இணைப்பு கிடைத்துவிட்டது, வேலைதான் முடியவில்லை. அறை காலியா என்று தேடும் தரவுத்தளக் கேள்விக்கு அட்டவணைக் குறியீடு (இன்டெக்ஸ்) இல்லை. அதைப் போட்டதும் தீர்ந்தது. இரண்டாவது எழுத்து பெரிய சி-யாக இருந்திருந்தால் இணையவே முடியவில்லை என்று பொருள், அப்போது போய்ப் பார்க்க வேண்டிய இடம் ஃபயர்வால். காலக்கெடுவை ஐந்து நிமிடமாக உயர்த்துவது மருந்தே இல்லை. காத்திருப்பவர்கள் பெருகுவார்கள், அவ்வளவுதான்.

உள்நுழைந்தவர்கள் அடுத்த பக்கம் போனதும் வெளியேற்றப்படுகிறார்கள். ஐபி-யை (பயனரின் இணைய முகவரியை) வைத்து ஒரே சர்வருக்கு அனுப்பலாமா?

உள்நுழைவு விவரம் முதல் சர்வரின் நினைவில் இருக்கிறது, அடுத்த கோரிக்கை இரண்டாவதற்குப் போய்விட்டது. ஐபி-யை வைத்துப் பிரிக்கும் முறையை நம் ஊருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. வீட்டு ஃபைபர் கேள்வியில் சொன்னதுபோல ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஏராளமானவர்கள் இருக்கிறார்கள். கல்லூரி வளாகம் முழுவதும் ஒரே முகவரியாகத் தெரியும். அத்தனை பேரும் ஒரே சர்வரில் போய் விழுவார்கள், மற்றது சும்மா இருக்கும். பஸ்ஸில் போகிறவருக்கு நெட்வொர்க் மாறி முகவரி மாறினால் மறுபடி வெளியேற்றப்படுவார்.

லோட் பேலன்சரே ஒரு குக்கியை (பிரவுசரில் தங்கும் சிறு குறிப்பை) சேர்த்து, அடுத்த முறை அதே சர்வருக்கு அனுப்புவது மேலான வழி. எல்லாவற்றிலும் நல்லது, உள்நுழைவு விவரத்தை ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளம் போன்ற, எல்லாச் சர்வர்களும் பார்க்கும் பொது இடத்தில் வைப்பது. அப்போது எந்தச் சர்வர் விழுந்தாலும் யாரும் வெளியேற மாட்டார்கள்.

ரிசல்ட் வரும் அன்று எத்தனை இணைப்பு வந்தாலும் வாங்கிக்கொள்ளும்படி எல்லையை உயர்த்திவிடலாமா?

ஃபிரன்ட்எண்டில் உயர்த்துங்கள், ஒவ்வொரு சர்வருக்கும் குறையுங்கள். கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். ஆனால் இந்தப் பக்கத்தில் இதைவிடப் பயனுள்ள அறிவுரை என்னிடம் இல்லை. பிஎச்பி செயலி ஒரே நேரத்தில் ஐம்பது பேருக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் ஐந்நூறு பேரைத் தள்ளினால் நினைவகம் தீர்ந்து, அந்த ஐம்பது பேருக்கும் பதில் கிடைக்காது. சர்வர் வரியில் எல்லை ஐம்பது என்று எழுதினால், மீதிப் பேர் லோட் பேலன்சரிலேயே வரிசையில் நிற்பார்கள். ஒருவர் முடிந்ததும் அடுத்தவர் உள்ளே போவார். ஒரு கோரிக்கைக்கு அரை விநாடி என்றால் விநாடிக்கு நூறு பேர் நகர்கிறார்கள். ஐந்நூறாவது ஆளுக்கும் ஐந்து விநாடியில் பதில் வந்துவிடும்.

வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதற்குத் தனிக் காலக்கெடு உண்டு. அதை எழுதாவிட்டால் சர்வருடன் இணையும் காலக்கெடுவையே எடுத்துக்கொள்ளும். அது 5 விநாடி என்றால், கூட்ட நேரத்தில் ஆறாவது விநாடியில் நிற்பவருக்கு 503 போய்விடும். 30 விநாடியாவது கொடுங்கள். ஃபிரன்ட்எண்ட் எல்லையை உயர்த்தும்போது, ஒரு நிரல் எத்தனை கோப்புகளைத் திறக்கலாம் என்ற லினக்ஸின் வரம்பையும் பாருங்கள். பல இடங்களில் அது 1024 என்றே இருக்கும். ஒவ்வொரு பயனருக்கும் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு செலவாகும்.

லோட் பேலன்சரே விழுந்துவிட்டால்?

இரண்டு வையுங்கள். கீப்அலைவ்டி என்ற மென்பொருள் விஆர்ஆர்பி நெறிமுறையில், இரண்டு இயந்திரங்களுக்கும் பொதுவான ஒரு மெய்நிகர் முகவரியைப் பராமரிக்கும். முதன்மை இயந்திரம் வழக்கமாக விநாடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று அறிவிக்கும். மூன்று அறிவிப்புகள் வரவில்லையென்றால் மற்றது முகவரியைத் தன்மேல் எடுத்துக்கொள்ளும். விஆர்ஆர்பி டிசிபியும் இல்லை, யுடிபியும் இல்லை. ஐபி-யில் 112-ஆம் எண் கொண்ட தனி நெறிமுறை. ஃபயர்வாலில் அதை அனுமதிக்காவிட்டால் இரண்டு இயந்திரங்களும் தாமே முதன்மை என்று எண்ணி ஒரே முகவரியைப் பிடித்துக்கொள்ளும். மேகக் கணினிகளில் இந்த வித்தை பெரும்பாலும் பலிக்காது. அங்கே அவர்களுடைய லோட் பேலன்சரையே பயன்படுத்துங்கள்.

இரண்டையும் ஒரே அறையில் ஒரே யுபிஎஸ்ஸில் வைப்பது பாதி வேலைதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரைமீறித் திருநெல்வேலிச் சந்திப்புப் பகுதிக்குள் புகுந்தது. மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் நின்றுபோயின. அன்று தரைத்தளத்தில் எத்தனை இயந்திரம் இருந்தாலும் ஒன்றுதான். நின்றால் மக்களுக்குப் பாதிப்பு வரும் தளம் என்றால், நகல் ஒன்று வேறு நகரத்தில் இருக்க வேண்டும். டொமைன் பதிவுகளும் உங்கள் கட்டடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். மேலே சொன்ன டிடிஎல்-ஐக் குறைவாகவே வைத்திருந்தால் மாற்றிவிடுவது நிமிடங்களில் முடியும்.

நடுப்பகலில் ஒரு சர்வரைக் கழற்ற வேண்டும். யாரையும் துண்டிக்காமல் செய்ய முடியுமா?

முடியும். சர்வரை அணைப்பதற்கு முன் எச்ஏபிராக்ஸியில் அதை ‘டிரெய்ன்’ (வடியவிடும்) நிலைக்கு மாற்றுங்கள். புதியவர்கள் அதற்குப் போக மாட்டார்கள். இருப்பவர்கள் முடித்துக்கொள்வார்கள். குக்கியால் அதோடு கட்டுண்டவர்கள் மட்டும் தொடர்ந்து வருவார்கள், ஆகவே எண்ணிக்கை பூச்சியம் ஆகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். புள்ளிவிவரப் பக்கத்தில் அந்த எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்தப் பக்கத்துக்குக் கடவுச்சொல் போட்டு, உள் நெட்வொர்க்கில் மட்டும் தெரியும்படி வையுங்கள்.

லோட் பேலன்சரின் கோப்பையே மாற்றுவதாக இருந்தால் மறுதொடக்கம் வேண்டாம், மறுவாசிப்பு போதும். புதிய நிரல் புதியவர்களை ஏற்க, பழைய நிரல் இருப்பவர்களை முடித்துவிட்டு விலகும். அரட்டை, நேரலை போன்ற வெப்சாக்கெட் இணைப்புகள் மணிக்கணக்கில் நீளும் என்பதால் பழைய நிரல்கள் போகாமல் தேங்கி நினைவகத்தைத் தின்னும். பழையது எவ்வளவு நேரத்துக்குள் போய்விட வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ‘ஹார்ட்-ஸ்டாப்-ஆஃப்டர்’ என்ற வரி பொது அமைப்புப் பகுதியில் இருக்கிறது. அரை மணி நேரம் என்று வைத்தால் பெரும்பாலான தளங்களுக்குச் சரியாக இருக்கும்.